பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே: பெர்கனின் 14 மாடி மரக் கட்டடத்தைச் சென்னைக்கு வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கட்டடம் சென்னையில் இல்லை. நோர்வேயின் மேற்குக் கரையில் பெர்கன் நகரில் இருக்கிறது. 2015-இல் கட்டி முடித்த 14 மாடிக் குடியிருப்பு. பெயர் 'ட்ரீட்'. அவர்கள் மொழியில் 'அந்த மரம்' என்று பொருள். உயரம் சுமார் 49 மீட்டர், வீடுகள் 62. எடை தாங்கும் சட்டம் மரம். வீடுகளும் மரப் பெட்டிகள்தான். எஸ்டோனியாவில் ஒரு தொழிற்சாலையில் சுவர், தரை, குளியலறை எல்லாவற்றோடும் செய்து, கப்பலில் கொண்டுவந்து அடுக்கினார்கள்.

இதை நான் உட்கார்ந்து படிக்கக் காரணம் ஒரு வாடிக்கையாளர். பெருங்குடியில் அவருக்கு மூன்று கிரவுண்டு மனை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி கட்ட வேண்டும், சீக்கிரம் முடிய வேண்டும் என்பது அவர் விருப்பம். எங்கேயோ ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்து, "தீப்பெட்டி அடுக்குற மாதிரி அடுக்கிடறாங்க சார். நம்ம ஊர்ல ஏன் முடியாது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆனது.

அதே சமயத்தில் மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் கூரையைப் பிரித்துப் பார்க்கும் வேலையும் என் கையில் இருந்தது. மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் கோணலாக அடுக்கி, சுண்ணாம்பில் பிடித்து, அதற்கு மேல் தளம் போட்டிருப்பார்கள். ஒரு கட்டையை இறக்கியதும் ஆசாரி உளியால் நடுவில் குத்திக் காட்டினார். உளி இறங்கவில்லை. அப்புறம் சுவருக்குள் புதைந்திருந்த முனையை விரலால் தொட்டார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. "நடு மரம் இரும்பு சார். செவுத்துக்குள்ள போன தலைதான் போச்சு" என்றார். ட்ரீட்டைப் பற்றி அதுவரை நான் படித்ததையெல்லாம் அந்த ஒரு வரியை வைத்துத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. மரம் எவ்வளவு தாங்கும் என்பதில் எனக்குக் கவலை இல்லை. மரம் எங்கே இன்னொன்றைத் தொடுகிறது, எங்கே தொடாமல் இடைவெளி விடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ட்ரீட் எப்படி நிற்கிறது

பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினான்கு வரை அடுக்கியிருப்பார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. கட்டடத்தின் ஓரங்களில் க்ளூலாம் தூண்களும் சாய்வுக் கட்டைகளும் சேர்ந்து பெரிய முக்கோணச் சட்டங்களாக நிற்கின்றன. பலகைகளை ஒரே திசையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யும் கட்டைக்குத்தான் க்ளூலாம் என்று பெயர். தூண் ஒன்று ஏறக்குறைய அரை மீட்டர் தடிமன். இணைப்புகளில் மரத்தைக் கீறி உள்ளே இரும்புத் தகடு செருகி, குறுக்கே இரும்பு ஆணித்தண்டுகளை அடித்திருக்கிறார்கள். தகடு வெளியே தெரியாது. தீப்பிடித்தாலும் சுற்றியுள்ள மரமே அதற்குக் கவசம்.

பெட்டிகள் இந்தச் சட்டத்துக்குள் நிற்கின்றன. முதல் நான்கு மாடிப் பெட்டிகள் கீழே உள்ள கான்கிரீட் வண்டி நிறுத்தத்தின் தளத்தின்மேல் உட்காருகின்றன. ஐந்தாவது மாடியில் சட்டம் சுற்றிலும் தனியாக வலுவாக்கப்பட்டிருக்கிறது. அதன் தலையில் ஒரு கான்கிரீட் தளம். அந்தத் தளத்தின்மேல் அடுத்த நான்கு மாடிப் பெட்டிகள். பத்தாவது மாடியில் மறுபடி அதே ஏற்பாடு. ஆக, எந்தப் பெட்டியும் தன் தலையில் மூன்று பெட்டிக்கு மேல் சுமப்பதில்லை. பதினான்கு மாடிக் கட்டடம் என்றாலும் பெட்டியைப் பொறுத்தவரை அது நான்கு மாடிதான். சுற்றியுள்ள சட்டத்தைப் பெட்டிகள் தொடுவதும் இல்லை. காற்றில் சட்டம் அசைந்தால் அந்த அசைவு வீட்டுச் சுவருக்குப் போகாது.

கான்கிரீட் தளம் போட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மரம் லேசானது. ஒரு கன மீட்டர் பைன் வகை மரம் 450 முதல் 500 கிலோ. கான்கிரீட் 2,400 கிலோவுக்கு மேல். லேசான உயரக் கட்டடம் காற்றில் குலுங்கும். விழாது, ஆனால் மேல் மாடியில் இருப்பவருக்குத் தலை சுற்றும். எடைக்காகவே மேலே கான்கிரீட்டை ஏற்றினார்கள். அதே நாட்டில் 2019-இல் முடிந்த 18 மாடி மியோஸ்டோர்னெட்டிலும் மேல் மாடிகளின் தளங்கள் இதற்காகவே கான்கிரீட்.

தீயைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். தடிமனான மரம் எரியும்போது வெளிப்பக்கம் கரியாகிறது. அந்தக் கரியே உள்ளே வெப்பம் போவதைத் தடுக்கிறது. ஐரோப்பிய விதிப்படி க்ளூலாம் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் வேகத்தில் கரியாகும் என்று கணக்கு வைப்பார்கள். ட்ரீட்டின் முக்கியச் சட்டம் 90 நிமிடம் தாங்க வேண்டும். 63 மில்லிமீட்டர் கரி, சூட்டில் வலுவிழந்த மரத்துக்காக இன்னும் 7. ஒரு பக்கத்துக்கு 70 போனாலும் 495 மில்லிமீட்டர் தூணில் 355 மிச்சம். அந்த மிச்சத்தை வைத்துத்தான் தூணின் அளவை முடிவு செய்கிறார்கள். பயப்பட வேண்டியது தூணைப் பற்றி அல்ல. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பற்றி. அங்கே புகையும் நெருப்பும் புகுந்தால் யார் கண்ணுக்கும் தெரியாமல் மேல் மாடி வரை ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு வீட்டு எல்லையிலும் அந்த வெற்றிடத்தை அடைப்பது கட்டாயம்.

ஆனால் அதே வெற்றிடம் இல்லையென்றால் மேல் வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம் கீழ் வீட்டில் கேட்கும். ஒரு பெட்டியின் கூரையும் அடுத்த பெட்டியின் தரையும் தனித்தனியாக இருப்பதுதான் இந்த முறையில் கிடைக்கும் அமைதி. லேசான கட்டடத்துக்கு அது பெரிய வரம். ஒரே இடைவெளி ஒருவருக்கு நன்மை, இன்னொருவருக்கு ஆபத்து. வடிவமைப்பு என்பது இங்கே அந்த இரண்டையும் சேர்த்து வைப்பதுதான்.

சென்னையின் சாலையும் காற்றும்

பெருங்குடி மனைக்கு நான் முதலில் வரைந்தது இப்படி: கீழே கான்கிரீட் ஸ்டில்ட், அதாவது வண்டி நிறுத்த வெறும் தூண்களோடு திறந்திருக்கும் கீழ்த்தளம்; அதன்மேல் நான்கு மாடி மரப் பெட்டிகள். மாடிக்கு எட்டு அறை, மொத்தம் 32. ஸ்டில்ட் சேர்த்து உயரம் 15 மீட்டரை ஒட்டி வரும். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் உயரமான கட்டடம் என்ற வகை 18.3 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது. ஸ்டில்ட்டை வைக்கக் காரணம் வண்டி நிறுத்தம் மட்டும் அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் யாரும் அந்தப் பக்கத்தில் மரத்தைத் தரைமட்டத்தில் வைக்க மாட்டார்கள். ட்ரீட்டும் கான்கிரீட் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

பெட்டி 3.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். சி.எல்.டி. பலகையில் செய்தால் பூச்சு வேலைகளோடு சுமார் 6 டன் வரும். சி.எல்.டி. என்பது மரப் பட்டைகளை ஒரு அடுக்கு நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் வைத்து ஒட்டிய பெரிய பலகை. சுவராகவும் தளமாகவும் நிற்கும். 6 டன் கிரேனுக்குப் பொருட்டே அல்ல. பொருட்டாக வந்தது சாலை. இங்கே சாதாரணமாக ஒரு வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. 3.5 மீட்டர் பெட்டி என்றால் அளவு மீறிய சரக்கு. தனி அனுமதி வேண்டும், ராத்திரியில் நகர வேண்டும், தெருவுக்குள் திரும்பும்போது கேபிள் வயர்களைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும்.

அப்படியானால் பெட்டியை 2.5 மீட்டராகக் குறைத்து, இரண்டு பெட்டி சேர்ந்தால் ஒரு அறை என்று வைக்கலாமே என்று என்னோடு வேலை செய்யும் தம்பி சொன்னான். வரைந்து பார்த்தோம். லாரிப் பிரச்சினை தீர்ந்தது, இணைப்புகள் ஏறக்குறைய இரட்டிப்பாயின. ஒவ்வொரு அறையின் நடுவிலும் தரையில் ஒரு கோடு, கூரையில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் தண்ணீர் புகக்கூடிய ஒரு மூட்டு. ராத்திரி அனுமதிக்கு அலைவது சில வாரத் தொல்லை. கூடுதல் மூட்டு அந்தக் கட்டடத்தின் ஆயுள் முழுக்கத் தொல்லை. 3.5 மீட்டருக்கே திரும்பினேன்.

காற்று. இந்தியத் தரவிதியில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். உயரம், நிலப்பரப்பு, வடிவம் ஆகியவற்றுக்கான கெழுக்களை விட்டுவிட்டுச் சொன்னால், சதுர மீட்டருக்கு 150 கிலோ அழுத்தம். ஒரு பெட்டியின் அகலத்துக்கு நான்கு மாடி உயரத்தில் 42 சதுர மீட்டர் சுவர், அதில் 6.3 டன் தள்ளுவிசை. ஒரு பெட்டியின் எடையைவிடச் சற்று அதிகம். மேல் மாடிப் பெட்டியின் கூரையை மட்டும் 2.6 டன் அளவுக்கு மேலே இழுக்கும். ஓரங்களில் இன்னும் அதிகம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் இந்த ஊர் எத்தனை மரங்களை இழந்தது என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கான்கிரீட் கட்டடம் பெரும்பாலும் தன் எடையாலேயே புயலுக்குப் பதில் சொல்லிவிடும். மரப் பெட்டிக்கு அந்த எடை இல்லை. ஒவ்வொன்றையும் கீழே உள்ளதோடும் பக்கத்தில் உள்ளதோடும் இரும்பால் பிணைத்து, அந்தப் பிணைப்பை ஸ்டில்ட் தூண் வரை கொண்டுபோக வேண்டும். நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை லேசாக இருப்பது நல்லது. 2002 திருத்தத்தில் சென்னை, முன்பைவிட ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு வந்துவிட்டது என்றாலும், இங்கே கணக்கை ஆண்டது காற்றுதான்.

தண்ணீர் எந்தப் பக்கம் இருந்து வருகிறது

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நாள் போனது.

பெர்கன் ஐரோப்பாவில் மழைக்குப் பேர்போன ஊர். வருடத்துக்கு 2,200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். சென்னைக்கு 1,400 வாக்கில். அங்கே நிற்கும் மரக் கட்டடம் இங்கே ஏன் நிற்காது என்று வாடிக்கையாளர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ட்ரீட்டின் மரச் சட்டம் மழையில் நனைவதே இல்லை; ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் உலோகத் தகடு மூடியிருக்கிறது. கட்டும்போதும் தற்காலிகக் கூரை போட்டுத்தான் கட்டினார்கள். அதுவரை நம்மாலும் செய்ய முடியும்.

வித்தியாசம் ஆவியில் இருக்கிறது. குளிர்நாட்டில் வீட்டுக்கு உள்ளே வெப்பம், வெளியே குளிர். உள்ளே சமைக்கிற, குளிக்கிற ஈரம் சுவர் வழியாக வெளியே போகப் பார்க்கும். நடுவழியில் குளிர்ந்து தண்ணீராகிவிடாமல் இருக்க, சுவரின் உள்பக்கம், அதாவது வெப்பமான பக்கம், பிளாஸ்டிக் தாள் வைப்பார்கள். சென்னையில் எல்லாம் தலைகீழ். வெளியேதான் வெப்பமும் ஈரமும். கோடையில் நம் ஊர்க் காற்றின் பனிநிலை, அதாவது காற்றில் உள்ள ஆவி தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை, பல நாள் 24, 25 டிகிரி. அறைக்குள் ஏ.சி. 22-இல் ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் ஆவி சுவருக்குள் நுழைந்து, உள்பக்கம் இருக்கும் அந்தத் தாளின் முதுகில் மோதி, தண்ணீராகி அங்கேயே நிற்கும். ஐஸ் தண்ணீர் சொம்பின் வெளியே வியர்ப்பதைப் போல. இந்தச் சொம்பு சுவருக்குள் இருப்பதால் யாருக்கும் தெரியாது. ஆக, நோர்வேயின் வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து நேர்மையாகக் கட்டினால் சென்னையில் சுவர் அழுகும். தாளை எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் ஆவியைத் தடுத்து, உள்பக்கம் உலர விட வேண்டும்.

மரம் வீங்கும், சுருங்கும். தொழிற்சாலையிலிருந்து சி.எல்.டி. பலகை 12 சதவீத ஈரத்தில் வரும். நம் மழைக்காலத்தில் திறந்து வைத்தால் 16 வரை ஏறும். பலகையின் தடிமனில், ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் சுமார் 0.24 சதவீதம் வீங்கும். ஒரு மாடிக்குத் தரைப் பலகை 140, கூரைப் பலகை 80, ஆக 220 மில்லிமீட்டர். நான்கு சதவீத ஏற்றத்துக்கு மாடிக்கு 2 மில்லிமீட்டர் சொச்சம். நான்கு மாடிக்கு ஏறக்குறைய எட்டரை. தனியாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பக்கத்தில் அசையாத கான்கிரீட் லிப்ட் கூடு நின்றால், நான்காவது மாடி வாசலில் கால் இடறும்.

அடுத்தது கரையான். நோர்வேயில் கரையான் கிடையாது. அவர்களுடைய வரைபடத்தில் கரையானுக்கு ஒரு கோடும் இல்லை. இங்கே அடித்தள மண்ணுக்கு மருந்து அடிப்பது வழக்கம். ஆனால் அது என்றென்றும் நிற்காது. நான் நம்புவது கண்ணை. கரையான் வெளிச்சத்தில் நடக்காது. மண்ணால் குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும். ஸ்டில்ட் தூணுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சாண் உயரம் வெறும் கான்கிரீட்டாக, பூச்சு இல்லாமல், நாலு பக்கமும் கண்ணில் படும்படி இருந்தால், காவலாளி மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும். அந்த இடத்தை டைல்ஸ் ஒட்டி அழகாக்குவதுதான் நான் பயப்படும் விஷயம். இரும்புப் பிணைப்பு, தண்ணீர்க் குழாய், மின்சாரக் குழாய் எல்லாம் அதே வழியாகத்தான் மேலே போகும். ஒவ்வொன்றின் துளையும் கரையானுக்கு ஒரு கதவு.

இந்தச் சமயத்தில் மாதிரிக்கு வந்த இரண்டு சி.எல்.டி. துண்டுகளை அலுவலக மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தோம். ஒன்றைக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நிறுத்தினோம். மற்றதைக் கட்டைமேல் தூக்கி, சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விட்டு, தலையில் ஒரு தகரம் போட்டோம். நவம்பர் மழை இரண்டின்மேலும் ஒன்றுபோலத்தான் அடித்தது. ஒரு வாரம் வெயில் அடித்த பிறகு ஈரமானியை வைத்தால், தூக்கி வைத்தது உலர்ந்திருந்தது. சுவரோடு ஒட்டியது அடிவிளிம்பில் கறுத்து, 25 சதவீதத்துக்கு மேல் காட்டியது. மயிலாப்பூர்க் கட்டையின் தலைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மாற்றி வரைந்தது

அதற்குப் பிறகு முதல் வரைபடத்தைக் கிழித்துவிட்டேன். ட்ரீட்டில் குளியலறையும் பெட்டிக்குள்ளேயே வருகிறது. நம் குளியலறை வேறு. வாளி, மக்கு, தினமும் தரை முழுக்கத் தண்ணீர், வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றித் தேய்ப்பது. அதன் அடியில் மரத்தை வைத்து முப்பது வருடத்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

எனவே நடுவில் கான்கிரீட்டில் ஒரு முதுகெலும்பு: நடைவழி, படிக்கட்டு, லிப்ட், எல்லா அறைகளின் குளியலறைகளும் அதில். இரண்டு பக்கமும் மரப் பெட்டிகள், முழுக்க உலர்ந்த அறைகள். வான்கூவரில் 2017-இல் திறந்த 18 மாடி மாணவர் விடுதி ப்ராக் காமன்ஸும் இதே யோசனையின் உறவுதான். அங்கே இரண்டு கான்கிரீட் கூடுகளை முதலில் எழுப்பிவிட்டு, மர வேலையை 70 நாளுக்குள் முடித்தார்கள். எங்கள் கணக்கில் காற்றின் தள்ளுவிசை முழுவதையும் முதுகெலும்பு வாங்கிக்கொள்கிறது. பெட்டியைத் தொடும் இரும்பு இணைப்பில் துளை வட்டமாக இல்லாமல் நெட்டாக இருக்கும். பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கும், மேலும் கீழும் அந்த எட்டரை மில்லிமீட்டர் நகர விடும். அறை வாசலில் ஒரு சரிவுப் பட்டை.

இதில் வேகம் கொஞ்சம் குறைந்தது. முதுகெலும்புக்கு சென்ட்ரிங் அடித்து கான்கிரீட் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த மாதங்களில் பெட்டிகள் வேறிடத்தில் தயாராகும். ஜனவரி முதல் செப்டம்பருக்குள் எந்த மாதம் வேண்டுமானாலும் கொண்டுவந்து ஏற்றலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் கூரை மூடியிருக்க வேண்டும் என்பது நான் வைத்த ஒரே கண்டிப்பு. முன்கூட்டிச் செய்து வந்து பூட்டும் வேலை இந்த ஊருக்குப் புதிது அல்ல. பெரும்பாக்கத்தில் 2022-இல் திறந்த 1,152 வீடுகள் முன்வார்ப்புக் கான்கிரீட் துண்டுகளால் எழும்பியவை. கிரேனும் மேஸ்திரியும் நம்மிடம் இருக்கிறார்கள்.

நம்மிடம் இல்லாதது விதிநூல். மர வடிவமைப்புக்கான நம் தரவிதி அறுத்த மரத்தை மனதில் வைத்து எழுதியது. சி.எல்.டி. பெட்டிகளை நான்கு மாடி அடுக்க அது வழி சொல்லவில்லை. ஐரோப்பிய விதிப்படி கணக்குப் போட்டு, அதை இங்கே ஒவ்வொரு மேசையிலும் விளக்கி ஏற்க வைக்க வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறை 1993-இல் தன் கட்டடங்களில் மரத்தைத் தடை செய்தது. 2020-இல்தான் அந்தத் தடை போனது. இடைப்பட்ட 27 வருடத்தில் படித்து வந்த பொறியாளர்களில் நானும் ஒருவன். ஒரு மர உத்திரத்துக்குக் கணக்குப் போடாமலே பட்டம் வாங்கினேன். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. இவ்வளவு தேக்கை ஆண்ட ஊரில் மரத்தைப் பற்றி நான் கற்றதில் பாதி ஆசாரிகளிடம் கற்றது.

வாடிக்கையாளரிடம் எல்லாவற்றையும் விரித்துச் சொன்னேன். பெட்டி இறக்குமதி, அனுமதிக்கு ஆகும் காலம், காப்பீடு, வங்கிக் கடன். பொறுமையாகக் கேட்டார். "இந்த முறை கான்கிரீட்டே போட்ருவோம் சார். மேல ஒரு மாடி ஏத்த வேண்டி வந்தா அப்போ மரம் பாக்கலாம்" என்றார். அவர் முடிவு சரி என்றே நினைக்கிறேன். விடுதியின் ஸ்டில்ட் தூண்களை இன்னொரு லேசான மாடி தாங்கும்படி கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மொட்டை மாடித் தளத்தில் பிணைப்புக்கான இரும்புத் தகடுகளையும் பதித்துவிட்டோம்.

மயிலாப்பூர் வீட்டில் அந்தக் கட்டைகளை மாற்றவில்லை. அழுகிய தலையை ஆசாரி ஒரு முழம் அறுத்தெடுத்தார். சுவரில் ஒரு இரும்புத் தாங்கி பதித்து, கட்டையை அதில் உட்கார வைத்தோம். "சுண்ணாம்பு வெச்சு அடைச்சிடவா சார்?" என்று கேட்டார். வேண்டாம், சுற்றிலும் ஒரு விரல் காற்று விடுங்கள் என்றேன். ஒரு மழைக்காலம் போன பிறகு ஏணி போட்டு ஏறி ஈரமானியை வைத்துப் பார்த்தேன். 14 காட்டியது.